வம்சாவளி வேண்டுமா, வாங்கிய கேடயம் போதுமா?

போன வாரம் காலை நடை முடித்துக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்களுக்கென்ன சார், சம்பந்தி வீடே துரை வீடு. ஆண்ட பரம்பரை."

என் மகள் ஸ்காட்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு கிளாஸ்கோவில் இருக்கிறாள் என்பது இந்த வலைப்பூவைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அவருக்கு நான் அங்கேயே பதில் சொன்னேன். "ஆண்ட பரம்பரையும் இல்லை, அவித்த பரம்பரையும் இல்லை. என் சம்பந்தியின் முன்னோர்கள் நிலக்கரிச் சுரங்கக் கூலிகள். அதற்கும் முன்னால் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சட்டப்படியே கொத்தடிமைகள்" என்றேன். அவர் நம்பவில்லை. "வெள்ளைக்காரனில் அடிமையா? கதை விடாதீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இதை எழுத வைத்தது. ஆனால் என் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. அது பின்னால் வரும்.

முதலில் கதை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1606ஆம் வருஷம் ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. நிலக்கரி வெட்டுகிறவர்களையும் கரி சுமக்கிறவர்களையும் உப்பு காய்ச்சுகிறவர்களையும், பழைய முதலாளியின் சீட்டு இல்லாமல் வேறு எவரும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொல்லாமல் போனவனை ஒரு வருஷம் ஒரு நாளுக்குள் திரும்பக் கேட்டு வாங்கலாம். போனவன் திருடனாகக் கருதப்படுவான். எதைத் திருடினான்? தன்னைத்தானே. சுரங்கம் கைமாறினால் ஆட்களும் சேர்ந்தே கைமாறினார்கள். 1701இல் காரணமில்லாமல் ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று நல்ல சட்டம் ஒன்று வந்தபோது, அதில் இவர்களுக்கு மட்டும் விலக்கு. 1775இல் பாதி விடுதலை, 1799இல்தான் முழு விடுதலை. பாஸ்தியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துப் பத்து வருஷம் கழித்து! அந்தப் பத்து வருஷக் கணக்கைப் பள்ளியில் ஒரு வார்த்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்கு ஸ்காட்லாந்து என்றால் மேரி ஸ்டுவர்ட், அவ்வளவுதான்.

இனி என் கோபத்தின் நிஜமான இலக்கு. ஸ்காட்லாந்தில் வம்சாவளி தேடுவது ஒரு பெரிய வியாபாரம். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விமானம் ஏறி வந்து, எடின்பரோ கடைத்தெருவில் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்கிறார்கள். கடைக்காரர் அந்தப் பெயருக்கு ஒரு கட்டம் போட்ட துணி, ஒரு கேடயச் சின்னம், ஒரு கோட்டைப் படம் எடுத்துக் கொடுக்கிறார். தாத்தா கிடைத்துவிட்டார்! பெயருக்கு ஒரு கட்டம் என்று அந்தத் துணிகள் பரவியது பெரும்பாலும் 1822இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் என்ற நாவலாசிரியர் நடத்திய ஊர்வல ஏற்பாட்டுக்கு அப்புறம்தான். கேடயம் இன்னும் வேடிக்கை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குடும்பப் பெயருக்குக் கேடயம் என்று ஒன்று கிடையாது. அது தனி ஒரு ஆளுக்குக் கொடுப்பது. அதைப் பதிவு செய்ய லார்ட் லயன் என்றொரு அதிகாரி, அவருக்கென்று ஒரு கோர்ட். அடுத்தவன் கேடயத்தைத் தன்னுடையது என்று மாட்டிக்கொள்வது அங்கே குற்றம். கடையில் வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் ஒருவரும் இதைக் கேட்பதில்லை.

நம்மூரில் மட்டும் என்ன வாழுகிறதாம்? புதுச்சேரியில் பாதிப் பேர் ஆனந்தரங்கப் பிள்ளை வழி. துய்ப்ளேக்குச் சமையல் செய்தவர் வழி என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த மனுஷனுக்குப் பிள்ளைகுட்டியே இல்லையா?

2018 கோடையில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருந்தார்கள். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல பழைய புக் எல்லாம் பாத்தீங்கல்ல, ஹெல்ப் பண்ணுங்க" என்றாள். கரும்பு தின்னக் கூலியா? முப்பத்திரண்டு வருஷம் பதிவேட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அரசாங்கத்தின் ஆவணத்தளத்தில் பக்கம் பார்ப்பதற்குக் காசு. செத்தவனைத் தேடுவதற்கும் கட்டணமா என்று மாப்பிள்ளையிடம் நொடித்துக்கொண்டேன்.

ஆனால் ஏடுகளைக் குறை சொல்ல மாட்டேன். நம் எத்தா சிவில் ஏடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அவை விருந்து. 1855 ஜனவரி 1 முதல் அங்கே சிவில் பதிவு. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தகப்பன் இருவர் பெயரும் உண்டு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. பக்கத்து இங்கிலாந்தில் அந்தக் காலத்து இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே கிடையாது. இதனால் ஸ்காட்லாந்தில் பெண்கள் ஏட்டில் காணாமல் போவதில்லை. கல்யாணம் ஆனாலும் அவளுடைய பழைய பெயரிலேயே தேடிப் பிடிக்கலாம். 1855க்கு முன்னால் போனால் சர்ச் பதிவேடுகள், அவற்றில் ஓட்டைகள். 1783இல் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகள் பிள்ளை பெற்றார்கள், பதியவில்லை. பத்துப் பதினோரு வருஷம் அந்த வரி இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கில் ஒரு கலம் என்னை உட்காரவைத்துவிட்டது. 1861 முதல் ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டிருக்கிறார்கள்: ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? சம்பந்தி வீட்டு முன்னோர்கள் ஒரு பக்கத்தில் எட்டுப் பேர். எதிரே கலத்தில்: 1. 1911 கணக்கில் கல்யாணமான பெண்களிடம், எத்தனை பிள்ளை உயிரோடு பிறந்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு அம்மாளுக்குப் பிறந்தது 11, இருப்பது 6. குமாஸ்தா எழுத்து அழகாக, சாய்வாக, மை சிந்தாமல் இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது என்றால் நம்புவீர்களா?

அந்தக் குடும்பம் இருந்த ஊர் பாத்வெல்ஹா. கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, ஹாமில்டனுக்கும் மதர்வெலுக்கும் நடுவில். ஹாமில்டன் பாலஸ் காலியரி என்ற சுரங்கத்துக்காகக் கம்பெனி கட்டிய ஊர். வரிசை வரிசையாக வீடுகள், வீட்டுக்குச் சொந்தக்காரன் கம்பெனி. ஊர்க்காரர்கள் அதை 'பெய்லிஸ்' என்பார்களாம், பாலஸைத்தான் அப்படி. அரண்மனையின் பெயரில் ஒற்றை அறை வீடுகள்! வேலை போனால் வீடும் போகும். சும்மா சொல்லவில்லை. பக்கத்து ஊரான பிளாண்டயரில் 1877 அக்டோபர் 22 அன்று சுரங்கம் வெடித்து 207 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம், இன்னும் காலி செய்யாத 34 விதவைகள்மேல் கம்பெனி வழக்குப் போட்டு வீட்டைவிட்டு வெளியேற்றியது. அதே பிளாண்டயருக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன லிவிங்ஸ்டன் பிறந்த வீட்டைப் பார்க்க ஊரெல்லாம் போகிறது. விதவைகளைப் பார்க்க யார் போகிறார்கள்?

பாத்வெல்ஹா சுரங்கத்தை 1959இல் மூடினார்கள். 1960களில் ஊரை இடித்தார்கள். எழுபதுகளில் அந்தப் பள்ளத்தில் ஒரு செயற்கை ஏரி வெட்டி, சுற்றிலும் பூங்கா அமைத்தார்கள். ஊர் இருந்த இடம் இன்று ஏரிக்கும் புல்தரைக்கும் அடியில். 1986 காமன்வெல்த் போட்டியின் படகுப்பந்தயம் அந்தத் தண்ணீரில்தான் நடந்தது.

எங்களை அங்கே கூட்டிப்போனவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர், அந்த ஊரில் பிறந்தவர். கரையில் நின்று கைத்தடியால் தண்ணீரைக் காட்டி, "எங்கள் வரிசை அங்கே. பாட்டியின் வாசல் அங்கே" என்றார். பிள்ளைகள் மிதிபடகு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அதே பூங்காவில் ரோமாபுரிக்காரர்களின் குளியலறை ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுக் கோட்டையைச் சேர்ந்தது. ஏரி வெட்டும் சமயத்தில் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் மூழ்கிவிடும் என்று கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். நல்ல காரியம்தான். பதினெட்டு நூற்றாண்டுக்கு முன்னால் அந்நியச் சிப்பாய்கள் குளித்த இடத்துக்கு மேட்டில் இடம் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால்வரை ஆயிரக்கணக்கான பேர் பிறந்து, புழங்கி, செத்த ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது.

கொஞ்ச தூரத்தில் ஹாமில்டன் பிரபுக்களின் கல்லறை மண்டபம், பெரிய கும்மட்டத்தோடு. கட்ட ஆரம்பித்தது 1842இல். அதே 1842இல்தான் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதுவரை இந்தத் தேசத்தில் பெண்கள் முதுகில் கூடைகட்டி ஏணியில் கரி சுமந்தார்கள். விசாரணைக் கமிஷன் முன்னால் சாட்சி சொன்ன ஜேனட் கம்மிங் என்ற சிறுமிக்கு வயது பதினொன்று. என் பேத்தியின் வயது. பிரபுக்களுக்குத் தங்கள் நிலத்தடிக் கரிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று ராயல்டி வந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்தக் கரி எடுத்த பள்ளம்தான் அவர்களுடைய அரண்மனையின் அஸ்திவாரத்தையும் ஆட்டியது, 1920களில் இடித்தார்கள். அதற்கும் பாருங்கள், அதிலிருந்த ஒரு சாப்பாட்டு அறை மரப்பலகைகளோடு பாஸ்டன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. எந்த மேஜை எந்த ஏலத்தில் எவரிடம் போனது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள். மேஜைக்குக்கூட வம்சாவளி உண்டு.

1919இல் நிலக்கரித் தொழிலை விசாரிக்க உட்கார்ந்த சாங்கி கமிஷனில் ராபர்ட் ஸ்மைலி என்ற தொழிலாளர் தலைவர் இருந்தார். பெல்ஃபாஸ்டில் பிறந்த அனாதை, லானர்க்ஷயர் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் பிரபுக்களைக் கூண்டில் நிறுத்தி, இந்த நிலம் உங்களுடையது என்பதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டார். ஆவணக் குமாஸ்தா என்ற முறையில் அந்த மனுஷனுக்கு ஒரு சலாம் போடத் தோன்றுகிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் பாட்டி, அதாவது என் பேத்திக்கு எள்ளுப்பாட்டி, 1890இல் பிறந்தவர். அவர் பிறப்புப் பதிவைக் குடும்பத்தில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். தாய், சுரங்க வாசலில் கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலைக்காரி. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. பாட்டி உயிரோடு இருந்தவரை, "அப்பா நான் பிறக்கும் முன்னே சுரங்கத்தில் செத்துட்டார்" என்று சொன்னாராம். அதோடு அந்தக் கிளையை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஏட்டைப் பார்த்தால் கண் முதலில் ஓரத்துக்குப் போகும். பிரெஞ்சு முறையில் பழகியவன். பிறப்புப் பதிவின் ஓரத்தில்தான் கல்யாணம், விவாகரத்து, திருத்தம் எல்லாம் ஏறும். ஓரம் பார்க்காதவன் பதிவே பார்க்காதவன் என்று என் முதல் மேலதிகாரி திட்டுவார். அந்த ஸ்காட்லாந்துப் பதிவின் இடது ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: திருத்தப் பதிவேடு, இன்ன தொகுதி, இன்ன பக்கம். அதைப் போய்ப் பார்த்தோம். ஷெரிஃப் கோர்ட் தீர்ப்பு. ஷெரிஃப் என்றால் அங்கே நீதிபதி. இன்ன சுரங்கத் தொழிலாளியே இந்தக் குழந்தையின் தகப்பன் என்று கோர்ட் கண்டிருக்கிறது. பெயர் இருக்கிறது. அவன் சாகவும் இல்லை. அதற்கப்புறம் பல வருஷம் ஏடுகளில் வருகிறான்.

ஒரு கல்பொறுக்கும் பெண், கைக்குழந்தையோடு கோர்ட் ஏறி, ஒரு ஆணை எதிர்த்து வழக்காடி ஜெயித்து, அதை அரசாங்க ஏட்டில் ஏற்றியிருக்கிறாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் கேடயம் என்று ஒன்று மாட்டவேண்டும் என்றால் இதைச் சட்டம் போட்டு மாட்டலாமே!

பெரியப்பா சம்மதிக்கவில்லை. அவர் வீட்டு வரவேற்பறையில் எடின்பரோவில் வாங்கிய கேடயம் தொங்குகிறது, சிங்கமும் நாடாவுமாக. "அதை மரத்தில் எழுதாதீர்கள். என் பாட்டி மறைத்து வாழ்ந்தாள். நீங்கள் யார் அதைத் தோண்ட?" என்றார். கேட்டவர் பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. 1978 வாக்கில், நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஓர் அம்மாள் தன் பிறப்புப் பதிவின் நகல் கேட்டு வந்தார். சொல்தா பென்ஷன் சம்பந்தமான விஷயம். ஏட்டைப் புரட்டினேன். தகப்பன் பெயர் இல்லை. பிரெஞ்சில் எழுதியிருந்ததை, என் பிரெஞ்சு ஞானத்தைக் காட்டுவதுபோல, உரக்கத் தமிழில் சொன்னேன். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நகல் தயாராகி மேஜையில் கிடந்தது, வாங்க வரவில்லை. பென்ஷன் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தேடிப் போய்க் கொடுத்திருக்கலாம். முகவரி என் கையில்தான் இருந்தது. போகவில்லை.

ஆகையால் பெரியப்பா சொன்னதைத் தூக்கி எறிய எனக்கு அருகதை இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கவிடும் மரத்தில் எழுதவேண்டாம் என்றார், ஒத்துக்கொண்டேன். ஆனால் வீட்டு மரத்திலும் வேண்டாம் என்றபோது ஒத்துக்கொள்ளவில்லை. நான் கவுண்டரில் செய்தது, உயிரோடு நின்றவளுடைய சங்கதியை ஊருக்கு ஏலம் போட்டது. இங்கே அந்தப் பெண் தானே ஏட்டில் எழுத வைத்தது. அதை மறைத்தால் யாருடைய மானத்தைக் காக்கிறோம்? அவளுடையதையா, பெயர் கொடுக்காமல் நழுவப் பார்த்தவனுடையதையா? செத்த தாத்தா சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் உயிரோடு இருந்த பாட்டியை அழித்துத்தான் அந்தச் சுத்தத்தை வாங்குகிறார்கள். நம்மூரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொன்னேன். ஸ்காட்லாந்தில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் நம்மைப் போலவே உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். நமக்கோ பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே அவன் பேரன்? அங்கே நடுப்பெயராகக் குடும்பப் பெயர் ஒன்றைச் செருகும் பழக்கமும் உண்டு. பெரியப்பாவுக்கு ஒரு நடுப்பெயர் இருக்கிறது. அவருடைய அப்பாவுக்கும் அதே நடுப்பெயர். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்ச் பாதிரியார் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். தீர்ப்பில் இருக்கும் ஆளின் குடும்பப் பெயர் அதுதான். வாயால் செத்துட்டார் என்று சொன்ன பாட்டி, மகனுக்குப் பெயர் வைத்தபோது எழுதியே வைத்திருக்கிறார். மறைத்தார் என்று எப்படிச் சொல்வது?

இதைச் சொன்னதும் பெரியப்பா எழுந்து போய்விட்டார். சம்பந்தியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. மகள் என்னை முறைத்தாள். "அப்பா, உங்களுக்குக் கொஞ்சம்கூட இங்கிதம் கிடையாதா?" என்று காரில் கேட்டாள். கிடையாதுதான்.

வீட்டு மரத்தில் பேத்தி அந்தப் பெயரை எழுதிவிட்டாள், பக்கத்தில் தீர்ப்பு வருஷத்தையும் சேர்த்து. கொள்ளுப்பாட்டன் பூட்டன் எல்லாருக்கும் தொழில் என்ற இடத்தில் சுரங்கம், சுரங்கம், சுரங்கம். அவள் தாயாருக்கு எதிரே கல் பொறுக்குதல்.

பெரியப்பா இன்றுவரை என்னோடு நேரே பேசுவதில்லை. கேடயமும் அதே ஆணியில் தொங்குகிறதாம். போன மாதம் மாப்பிள்ளை மூலம் ஒன்று கேட்டனுப்பினார்: தீர்ப்பில் குழந்தைக்கு வாரம் எவ்வளவு பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, அவன் கொடுத்தானா? திருத்தப் பதிவேட்டில் அது இருக்காது, எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் கோர்ட் கட்டுகளில் பார்க்கவேண்டும் என்று எழுதி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் ஒரு தாளில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.